இடது ஸ்பீக்கர்

ஜனவரி 8, திங்கள்

ரெக்கார்டு பிளேயரின் சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற ரிசீவர் போய்விட்டது. உக்கடம் கபூர் பாய் கடையிலிருந்து போன். உள்ளே எரிந்துபோன சில்லுக்கு இப்போது மாற்றே கிடைப்பதில்லையாம். இதைச் சொல்ல அவருக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

நூற்பு மில்லில் ஷிப்ட் டைரி எழுதிய கை இது. எந்த ஃப்ரேம் நின்றது, என்ன கோளாறு, என்ன மாற்றினோம், ஓடியதா இல்லையா. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. இந்த ரிசீவர் வேட்டையையும் அப்படியே எழுதிவைக்கிறேன்.

தேவை என்ன என்பதை முதலில் எழுத வேண்டும். மாசி வளர்பிறை தசமி என் மனைவி சுலோச்சனாவுக்கு வருஷத் திதி. பிப்ரவரி 19-ல் விழுகிறது. அன்றைக்கு இந்த வீட்டில் அவள் ரெக்கார்டு ஓட வேண்டும். அவ்வளவுதான்.

அவள் ரெக்கார்டு என்றால் அவள் பேர் அட்டையில் இருக்காது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மெட்ராஸ் போய்க் கோரஸ் பாடினாள். நாலு முருகன் பாட்டு, சின்னத் தட்டு. நாலு பெண்கள் வரிசையாக நின்றார்களாம், இவள் இடது கோடி. ஸ்டீரியோவில் எடுத்ததால் இவள் குரல் இடது ஸ்பீக்கரில் தனியாகத் தெரியும். கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று இழுப்பார்கள். மூன்று பேர் நிறுத்திவிடுவார்கள். இவள் மட்டும் ஒரு நொடி கூடப் போவாள். மறுபடி எடுக்க நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். "எல்லாரும் நிறுத்திப்போட்டாங்க, நா மட்டும் தனியா மாட்டிக்கிட்டனுங்" என்று அந்த இடம் வரும்போதெல்லாம் சிரிப்பாள்.

போனில் வீடியோ எடுக்கப் போனால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள். ஆகவே அவள் குரல் உலகத்தில் மிச்சமிருப்பது அந்தத் தட்டில் மட்டும்தான்.

மகள் தாரணி பெங்களூரிலிருந்து பேசினாள். ரெக்கார்டை யாரிடமாவது கொடுத்து போனில் ஏற்றி, ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். தேங்காய் அளவு டப்பாவில் எங்கேயிருந்து இடது, எங்கேயிருந்து வலது? நான் போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 11, வியாழன்

கபூர் பாய் கடை. மூன்று ரிசீவர் காட்டினார்.

ஒன்று கறுப்பு. சினிமாத் தியேட்டர் மாதிரி ஐந்து ஸ்பீக்கர் மாட்டலாமாம். சுற்றிலும் இருந்து கத்த வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இன்னொன்று புதுசு, ரிமோட்டோடு, தட்டையாக, எடையே இல்லை. மூன்றாவது பழைய ஜப்பான் சரக்கு. வெள்ளி முகம், மரப்பெட்டி, ரேடியோ எண்களுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு. தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. எடை இருக்கிற மெஷின்தான் மெஷின்.

ரெக்கார்டு பிளேயருக்கென்று தனி வாய் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஊசியிலிருந்து வருகிற ஒலி கொசு மூச்சளவு. அதைப் பெரிசாக்க உள்ளேயே ஒரு ஏற்பாடு வேண்டும். வெள்ளி முகத்தில் அது இருக்கிறது. மோனோ என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. அழுத்தினால் இரண்டு பக்கமும் கலந்து ஒன்றாகிவிடும். இது எந்தச் செவிடனுக்கு என்று கேட்டேன். கபூர் பாய் சிரித்தார்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

வெள்ளி முகம் வீட்டுக்கு வந்து நேற்றே மாட்டியாயிற்று. ஊசியும் புதுசு. பொங்கல் வைத்து, தட்டில் கொஞ்சம் எடுத்து அவள் போட்டோ முன்னால் வைத்துவிட்டு நாயனத் தட்டு ஒன்றைப் போட்டேன். அடேயப்பா! தவில் வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, சுருதி பிடிக்கிற ஒத்து இடது பக்கத்தில். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

அவள் ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்தேன். மறுபடி வைத்துவிட்டேன். புது ஊசி இரண்டு மூன்று வாரம் வேறு தட்டுகளில் ஓடிப் பழகட்டும். முரட்டு ஊசிக்கு அடியில் அவளைக் கொண்டுபோய் வைக்க மாட்டேன். திதி அன்றைக்குப் போட்டால் போதும்.

ஜனவரி 17, புதன்

பூப்பறிக்கிற நோம்பு. தெருப் பெண்கள் காலையிலேயே கூடையோடு கிளம்பிவிட்டார்கள். எழும்போதே இடது காது அடைத்திருந்தது. தலைக்குக் குளித்தது ஆகவில்லை போலிருக்கிறது. லேசாகக் கிறுகிறுப்பு. ஆவி பிடித்தேன்.

மத்தியானம் நாயனத் தட்டு போட்டால் ஒத்து எங்கேயோ போய்விட்டது. இடது ஸ்பீக்கர் போர்வைக்குள்ளிருந்து பேசுகிறது. கூடவே ஒரு ரீங்காரம். எர்த் சரியில்லாத செட்டில் வருமே, அது. மூன்றாம் நாளே பல்லைக் காட்டிவிட்டது வெள்ளி முகம். கபூர் பாயை நாளைக்கு ஒரு பிடி பிடிக்கிறேன்.

ஜனவரி 18, வியாழன்

ஸ்கூட்டரில் கட்டி எடுத்துப் போனேன். திருகுகளில் தூசி என்று என்னமோ அடித்துத் துடைத்தார். அவர் கடையில் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றின் மேல் ஒன்றாக எதிரே இருக்கின்றன. நன்றாகத்தான் பாடியது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் பழைய கதை.

ஜனவரி 20, சனி

ஃபிட்டர்களுக்கு நான் எப்போதும் சொன்னது: கோளாறைத் தேடிக்கொண்டு நிற்காதே, ஒவ்வொன்றாக மாற்று. எதை மாற்றியதும் சரியாகிறதோ அதுதான் கோளாறு. பேரிங் தேய்வதைப் பத்தடி தள்ளி நின்று காதால் சொன்னவன் நான். இந்தப் பெட்டி எம்மாத்திரம்?

ஒயரை இடம் வலமாக மாற்றினேன். இடது மங்கல். திரும்பப் பழையபடி வைத்து, ஸ்பீக்கரையே இடம் மாற்றினேன். இடது மங்கல். பிளேயரை விட்டுவிட்டு ரேடியோ வைத்தேன். இடது மங்கல். ஜன்னல் திரை ஒலியைக் குடிக்கிறதோ என்று கழற்றிப் போட்டேன். சோபாவை நகர்த்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மாற்றுவதற்கு இனி ரிசீவரைத் தவிர ஒன்றும் பாக்கி இல்லை.

ஜனவரி 23, செவ்வாய்

வெள்ளி முகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கறுப்பைக் கொண்டுவந்தேன். கபூர் பாய் முகம் சுளிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "திருப்தி ஆகறவரைக்கும் மாத்திக்குங்க சார், உங்களுக்கில்லாததா" என்றார்.

கறுப்பிலும் இடது மங்கல். இரண்டு மெஷினுக்கும் ஒரே வியாதி. அவர் குடோனில் ஈரம் இருக்கிறது, அதுதான்.

ஜனவரி 25, வியாழன். தைப்பூசம்

காலையில் மருதமலைப் பக்கம் பாதயாத்திரைக் கூட்டம். வடவள்ளி திருப்பத்தில் ஒரு வேன் என் ஸ்கூட்டரை இடது பக்கமாக உரசிக்கொண்டு போனது. ஹாரன் அடித்தேன் என்று சத்தியம் பண்ணுகிறான் டிரைவர். பக்கத்தில் இருந்த பூக்காரியும் அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாள். காலம் கெட்டுக் கிடக்கிறது.

கறுப்பின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ரீங்காரம் நிற்கவில்லை. உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும், வடிய நேரமாகும்.

சாயங்காலம் வரைக்கும் வடியவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

முந்தாநாள் தாரணி வந்தாள். திதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்றேன். இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். பெரிய பை இரண்டு. மாப்பிள்ளை பிரகதீஷுக்கு வேலை அதிகமாம், வரவில்லை. இரண்டு நாளாக அவர் போனும் பண்ணக் காணோம். கெட்டிக்கார மனுஷன், வேலையில் மூழ்கினால் அப்படித்தான்.

இளைத்திருக்கிறாள். வந்ததும் வாசல் பக்கம் ஆணியில் தொங்கும் சுலோச்சனாவின் வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் குருவி பொம்மை வளையத்தோடு அப்படியே இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

ஆள் வந்தது வீட்டுக்கு நல்லது. இரண்டு தட்டு கழுவ வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 1, வியாழன்

தாரணியைப் பேரூர் கோயிலுக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். சேலை கட்டியிருந்தாள். அவள் அம்மா மாதிரியே ஒருக்களித்து உட்கார்ந்தாள். சுலோச்சனா இடது பக்கம் கால் போட்டு உட்கார்ந்து, என் இடது தோளில் கை வைத்து, காதுக்குள் ஊர்ச்சங்கதி பூராவும் சொல்லிக்கொண்டே வருவாள். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி அப்படித்தான். வீட்டில் பேச என்ன இருந்தது?

தாரணி வாயே திறக்கவில்லை. அம்மா நினைப்பு வந்திருக்கும். திரும்பி வரும்போது செல்வபுரம் பக்கம் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதே நேரம் ஒரு ஆட்டோக்காரன் குறுக்கே விட்டுவிட்டான். தலையை ஆட்டி, "ச்சீ, இதெல்லாம் ஒரு பொழப்பா" என்று வாய்விட்டே திட்டினேன். தாரணி கையை எடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். சாப்பிடவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னமோ.

பிப்ரவரி 4, ஞாயிறு

நாலு நாளாக முகம் கொடுத்துப் பேச மாட்டேனென்கிறாள். என்ன கண்ணு என்றால், "ஒண்ணுமில்லீங்ப்பா." பெங்களூரில் ஏதோ பெண்கள் ஹாஸ்டலுக்குப் போன் பண்ணி ரூம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். தெரிந்தவர்களுக்கு என்றாள். திதி முடிந்த மறுநாளே பஸ்ஸாம், டிக்கெட் போட்டுவிட்டாளாம். இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள்தானே?

நாயனத் தட்டைப் போட்டு, இடது பக்கம் மங்கலாக இருக்கிறதா சொல் என்றேன். "எல்லாம் நல்லாத்தானுங் கேக்குது" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். பாவம், அம்மாவின் காது இவளுக்கு வரவில்லை.

பிப்ரவரி 7, புதன்

இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

ரிசீவர் மூன்று நாளாக அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது. ரீங்காரம் இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன், பிரிட்ஜ் உறுமல்கூட அடங்கிவிட்டது, இது அடங்கவில்லை. மொட்டை மாடிக்குப் போனேன், அங்கேயும் கூடவே வந்தது. எப்போதும் இடது பக்கம். தோளுக்குக் கொஞ்சம் மேலே. அவள் வாய் இருக்கிற உயரத்தில்.

நல்ல வெயிலில், கொடியில் துணி காய்கிற மாடியில், மயிர்க்கால் நட்டுக்கொண்டது. எர்த் ரீங்காரம் மேலும் கீழும் போகாது. இது வாயை மூடிக்கொண்டு இழுக்கிற 'ம்'. மூச்சு வாங்குவதே இல்லை. மூன்று பேர் எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

நான் திரும்பினேன். யாரும் இல்லை. திரும்பத் திரும்ப அது இடது பக்கமே நகர்ந்து போய் நின்றுகொள்கிறது, முகம் காட்டாமல்.

பயமாகத்தான் இருந்தது. சொல்வதற்கென்ன வெட்கம்? கொஞ்ச நேரத்தில் பயம் போய், போய்விடுவாளோ என்ற பயம் வந்தது. "ஏன் சுலோ, எதாவது சொல்லோணுமா?" என்று கேட்டேன். அது இழுத்துக்கொண்டே இருந்தது.

படியில் தாரணி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. காய்ந்த துணியை எடுக்காமலே இறங்கிப் போய்விட்டாள்.

பிப்ரவரி 8, வியாழன்

நிற்கவில்லை.

பிப்ரவரி 10, சனி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத முயற்சி பண்ணுகிறேன்.

மூன்றாவது ரிசீவரை, அந்தத் தட்டையான புதுசை, கபூர் பாயே காரில் எடுத்துக்கொண்டு வந்தார். உங்கள் வீட்டில் என்னதான் கோளாறு என்று என் காதாலேயே கேட்டுவிடுகிறேன் சார் என்றார். மாட்டினார். நாயனத் தட்டு. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நான், எனக்கு வலப்பக்கம் அவர். தாரணி காப்பி போடப் போயிருந்தாள்.

இடது மங்கல் என்றேன். நன்றாகக் கேட்கிறதே என்றார். மங்கல் என்றேன். எழுந்து போய் ஸ்பீக்கரில் காதை வைத்துவிட்டு வந்து, சத்தியமாகச் சுத்தமாக இருக்கிறது சார் என்றார். எனக்கு ஏறிவிட்டது. ஈரக் குடோனில் கிடந்த ஓட்டைச் சரக்கையெல்லாம் என் தலையில் கட்டுகிறீர், வயசானவன்தானே, கேட்காது என்று நினைத்தீரா என்று கத்தினேன். அந்த மனுஷன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு இடது பக்கம் பின்னால் எதையோ பார்த்தார். பார்த்துக்கொண்டே பாட்டை நிறுத்தினார்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானும் திரும்பினேன். ஒரு நொடி, அவள்தான் அங்கே நிற்கிறாள், இவருக்கும் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

தாரணி நின்றாள். கையில் காப்பித் தட்டு. கண் நிறையத் தண்ணீர்.

"நாலு தடவை கூப்பிட்டனுங்ப்பா" என்றாள். "பக்கத்துலயே நின்னு."

எப்போது என்று கேட்டேன்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "அப்பா, அன்னிக்குப் பேரூர்லருந்து வாரப்போ, வண்டில நா சொன்னது உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?"

"நீ ஒண்ணும் பேசுலியே கண்ணு."

"பேசுனனுங்ப்பா. ரெண்டு வருஷமாச் சொல்ல முடியாம இருந்ததை அன்னைக்குத்தான் சொன்னேன். நீங்க தலையை ஆட்டி, ச்சீ, இதெல்லாம் ஒரு பொழப்பான்னீங்க."

"அது ஆட்டோக்காரனை" என்றேன்.

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். கபூர் பாய் எழுந்து, பெட்டி இங்கேயே இருக்கட்டும் சார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். காப்பியைத் தொடவில்லை.

என்ன சொன்னாய் என்று கேட்டேன். முதலில் டாக்டர், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, திங்கள்

ஆர்.எஸ். புரத்தில் காது டாக்டர். சின்ன வயசுப் பெண்.

முதலில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதில் ஒழுங்காக அழுத்தினேன். இடதில் எடுத்த எடுப்பிலேயே கேட்டது, அழுத்தினேன். விடவில்லை, நானும் விடவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தேன். சோதனை பண்ணுகிற பெண் கதவைத் திறந்து, "ஐயா, நான் இன்னும் சத்தமே கொடுக்கலீங்க" என்றாள்.

ஸ்கேனில் கட்டி, கிட்டி எதுவும் இல்லை. நரம்புதான். சில பேருக்குக் காரணமே இல்லாமல் ஒரே நாளில் போய்விடுமாம். எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். பூப்பறிக்கிற நோம்பு அன்றைக்குக் காலையிலிருந்து என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. தாரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது வரைக்கும் எனக்கும் தெரியாது, எனக்குத் தெரிந்திருந்தது என்று.

முதல் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் மாத்திரையில் கொஞ்சமாவது திரும்பியிருக்கலாம் என்றார் டாக்டர். இப்போதும் தருகிறேன், ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அந்த இரண்டு வாரமும் நான் என்ன செய்தேன்? ஜன்னல் திரையைக் கழற்றினேன். சோபாவை நகர்த்தினேன். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன், உட்கார்ந்து கேட்கிற ஆளைத் தவிர. எந்த ஃபிட்டராவது இப்படிப் பண்ணியிருந்தால் அன்றைக்கே வேறு டிபார்ட்மென்டுக்கு அனுப்பியிருப்பேன்.

ரீங்காரம் எப்போது போகும் என்று தாரணி கேட்டாள். போகாமலே இருக்கலாம் என்றார். வெளியிலிருந்து ஒன்றும் வராதபோது மூளை தானாக ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்ளுமாம்.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன். டாக்டர் படித்தவர்.

பொங்கல் அன்றைக்கு அந்தத் தட்டு என் கையில் இருந்தது. உறையை விட்டு வெளியே எடுத்துவிட்டேன். இரண்டு காதும் இருந்தது. ஊசி பழகட்டும் என்று திரும்ப வைத்தேன். ஐயோ, என்ன மடத்தனம்.

பிப்ரவரி 14, புதன்

மாத்திரை. வயிறு எரிகிறது. இடது அப்படியே.

பிப்ரவரி 16, வெள்ளி

கபூர் பாய் வெள்ளி முகத்தைக் கொண்டுவந்தார். விற்கவில்லையாம், எனக்கென்று எடுத்துவைத்திருந்தாராம். அன்றைக்குப் பேசினதற்கு மன்னித்துக்கொள்ளச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எர்த் ஒயர் எங்கே, துணி எங்கே என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்கு வலப்பக்கமாகவே நின்றார்.

வெள்ளி முகத்தில் முதல் நாளிலிருந்தே ஒரு குறையும் இருந்ததில்லை. போகும்போது மோனோ பொத்தானைக் காட்டி, "இத அழுத்திக்குங்க சார், எல்லாமே வலது பக்கமும் வந்துரும்" என்றார். அன்றைக்குக் கடையில் நான் கேட்ட கேள்வி அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

திதி. புதுச் சேலை வைத்துக் கும்பிட்டோம். காக்கை முதல் கூப்பாட்டுக்கே வந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குள் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தாரணி பாயசம் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

பிறகு நானும் அவளும்தான். தட்டைத் துடைத்தேன். மோனோவை அழுத்தினேன். ஊசியை வைத்தேன்.

நன்றாகக் கேட்டது, குறை சொல்லக் கூடாது. ஆனால் நாலு பெண்களும் ஒரே குரலாகிவிட்டார்கள். ஒரே வாசல் வழியாக நாலு பேர் நெருக்கியடித்துக்கொண்டு வந்தால் யார் யார் என்று எப்படிச் சொல்வது? நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தும் எனக்கு அவளைப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை. கடைசிப் பாட்டு வருவதற்குள் ஊசியைத் தூக்கிவிட்டேன். போதும் கண்ணு, உறையில் போட்டுவிடு என்றேன்.

தாரணி உறையை எடுக்கவில்லை. ரிசீவரை அணைத்தாள், சுவரிலிருந்து நகர்த்தினாள், பின்னால் போய் மண்டிபோட்டாள். எந்த ஒயர் எது என்று கேட்டாள். சிவப்பு, கறுப்பு, ஜோடி மாறாமல் என்றேன். நிதானமாகப் பிடுங்கி, நிதானமாக மாட்டினாள். எழுந்து வந்து மோனோவை எடுத்துவிட்டாள்.

"அம்மாவ வலது பக்கம் கூட்டியாந்துட்டனுங்ப்பா."

அவள் நின்றது இடது கோடி, அதை மாற்றக் கூடாது என்று சொல்ல வந்தேன். சொல்லாமல் ரிசீவரைப் போட்டு ஊசியை மறுபடி வைத்தேன்.

சுலோச்சனா வந்தாள். வலது பக்கம், ஸ்பீக்கருக்கு ஒரு அடி முன்னால், பத்தொன்பது வயசுக் குரல். சுருதியை லேசாகத் தள்ளிப் பிடிக்கிற அந்தக் குணம். மற்ற மூன்று பேரும் எங்கோ தள்ளிப் போய்விட்டார்கள். தாரணி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பாட்டு, கடைசி அடி, நாலு பேரும் 'ம்' என்று இழுத்தார்கள். மூன்று பேர் நிறுத்தினார்கள். இவள் போனாள். அந்த ஒரு நொடி.

ஊசி தூக்கிக்கொண்டது. வீடு அமைதியாகிவிட்டது.

"கேட்டுதுங்களா?" என்றாள் தாரணி.

கேட்டது என்றேன். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன். ஊசி தூக்கிய பிறகும் இடது பக்கம் அவள் நிறுத்தவில்லை. இப்போதும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

காலையில் தாரணியைக் காந்திபுரத்தில் பஸ் ஏற்றிவிடக் கிளம்பினேன். ஒரு பை முன்னால் என் காலுக்கிடையில். இன்னொன்று அவள் முதுகில். டாக்ஸி வைத்துக்கொள்ளலாமே என்றேன், வண்டியே போதும் என்றாள்.

சுடிதார் போட்டிருந்தாள். ஒருக்களித்து உட்காரவில்லை. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். லாலி ரோடு தாண்டியதும் என் வலது தோளில் தாடையை வைத்தாள்.

"அப்பா, இப்பக் கேக்குதுங்களா?"

"கேக்குது."

"நா பிரகதீஷை விட்டுட்டு வந்துட்டனுங்ப்பா. இனி அங்க போகல. இங்கயே உங்ககூட இருந்துக்கட்டுங்களான்னுதான் அன்னிக்குக் கேட்டேன்."

எதிரே ஒரு டெம்போ குறுக்கே வந்தது. வாயைத் திறக்கவில்லை, தலையை ஆட்டவில்லை. வண்டியை ஓரம் கட்டினேன், ஸ்டாண்டு போட்டேன், இறங்கினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு மாசமாக எனக்கு இடப்பக்கம் நின்றுகொண்டிருந்த முகம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவன் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. சொல்லும்போது சொல்லட்டும்.

"உங்கம்மா சாவி ஆணியிலதான் தொங்குது, கண்ணு. எடுத்துக்க."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த டிக்கெட் போனால் போகட்டும்.

வண்டியைத் திருப்பினேன். வழி நெடுக இடது பக்கம் அந்த 'ம்' நிற்காமல் வந்தது. வலது பக்கம் தாரணி பேசிக்கொண்டே வந்தாள்.